பங்குனி ஆமை கரைக்கு வரும்போது

பழவேற்காட்டுப் பாலத்தைக் கடந்து லைட்ஹவுஸ் குப்பத்துக் கடற்கரையில் இறங்கினேன். பிப்ரவரி மாதக் காலை. கரையேறிய பைபர் படகுகளைச் சுற்றி நின்று வலையிலிருந்து மீனைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். தெற்கே அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் மங்கலாகத் தெரிந்தன.

சற்றுத் தூரம் வடக்கே நடந்ததும், ஈரமணலில் ஒரு பங்குனி ஆமை செத்துக் கிடந்தது. ஓட்டில் வெட்டுக்காயம் எதுவும் இல்லை. கழுத்து வீங்கி, கண்கள் பிதுங்கியிருந்தன. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியபோதும் இதே அறிகுறிகள்தான்; தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். விசைப்படகு மணிக்கணக்கில் இழுக்கும் மடிவலையில் சிக்கினால் மேலே வர வழியில்லாமல் மூச்சுமுட்டிச் சாகிறது.

வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். "எங்க வலையில மாட்டுனா அறுத்து விட்டுருவோம், தம்பி. பெரிய போட்டு கரையோரமா வந்து மடி இழுத்தா ஆமையும் சாவுது, எங்க வலையும் கிழிஞ்சு போவுது" என்றார். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்பது தமிழகச் சட்டம். அதைக் காப்பாற்றினால் ஆமையோடு இவர் பிழைப்பும் காப்பாற்றப்படும்.

ஆமையைக் காக்கும் தொழில்நுட்பத்துக்கும் குறைவில்லை. மடியின் கழுத்தில் ஒரு கம்பிச் சட்டம். இறால் இடைவெளி வழியாக உள்ளே போகும், ஆமை சட்டத்தில் மோதி மேலுள்ள திறப்பு வழியே வெளியேறும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் வலைகளுக்கு ஏற்றபடி இதை வடிவமைத்திருக்கிறது. மீனும் தப்பிவிடும் என்ற பயத்தில் படகுக்காரர்கள் தயங்குகிறார்கள். ஆமையைக் காக்காத வலையில் பிடித்ததென்று நம் கடல் இறாலுக்கு அமெரிக்கா 2019-இல் கதவை அடைத்தது; அந்த நஷ்டமும் அவர்களுக்குத்தான்.

ஆண்டுதோறும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்குகிறது. ஆமைகள் முட்டையிடக் கரை தேடி வருவதோ பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. தடைக்காலம் இவற்றுக்கு உதவாது. அந்த மாதங்களில் 5 கடல் மைல் விதிதான் அரண். விசைப்படகுகளில் டிரான்ஸ்பாண்டர் கருவி பொருத்தப்பட்டு வருகிறது. அந்த எல்லைக்குள் நுழைவது எந்தப் படகு என்று அதை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஜனவரி பிறந்ததும் மீன்வளத் துறையும் கடலோரக் காவல் குழுமமும் ரோந்தைத் தீவிரப்படுத்த வேண்டும். மடியில் கம்பிச் சட்டம் பொருத்தும் செலவை அரசு ஏற்க வேண்டும். புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை, இருப்பதைச் செயல்படுத்தினால் போதும்.