காலணி, நான்கு எழுத்து

குறுக்கெழுத்துப் புதிர் அமைக்கிறவருக்கு உடைப் பெயர்கள் பெரிய சோதனை. ‘காலணி (4)’ என்று குறிப்பு கொடுத்துப் பாருங்கள். செருப்பு பொருந்தும், மிதியடி பொருந்தும், தொடுதோல் பொருந்தும், அரணமும் பொருந்தும். நாலும் நாலெழுத்து. குறுக்கே வரும் எழுத்தை நம்பி ஊகிப்பதைத் தவிர விடை தேடுகிறவருக்கு வேறு வழி இருக்காது.

அதனால் ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லைக் குறிப்பாக வைப்பதில்லை. யார் அணிந்தார், எப்படி அணிந்தார் என்று தேடுவேன். பெரும்பாணாற்றுப்படையில் இடையன் காலில் தொடுதோல். அது அழுந்தி அழுந்திப் பாதத்தில் தழும்பே விழுந்திருக்கிறது. அதே பாட்டில், வழிநெடுக நடக்கும் வணிகர் அணிவது பாதத்தை மூடும் அரணம். இதைப் படித்த பிறகு குறிப்பு தானாக வந்துவிடுகிறது: ‘இடையன் பாதத்தில் வடுப் பதித்தது (4)’. அரணம் என்றால் கோட்டையும்தான். எனவே ‘வணிகர் காலைக் காத்த கோட்டை (4)’ என்று சற்றே திசைதிருப்பலாம். ஆனால் விடை தெரிந்ததும் ஒவ்வொரு சொல்லும் சரியாக அமைந்திருக்க வேண்டும். அந்த நேர்மை இல்லாத குறிப்பை நான் அடித்துவிடுவேன்.

நிகண்டுகள் இல்லாமல் இந்த வேலை நடக்காது. பொருளைச் சொன்னால் பெயர்களை அடுக்கித் தருபவை அவைதாம். சூடாமணி நிகண்டில் ஆடைப் பெயர்களைச் செயற்கை வடிவப் பெயர்த் தொகுதியில் பார்க்கலாம். ஆனால் துகில், கலிங்கம், அறுவை, கூறை எல்லாமே அங்கே ஆடை என்ற ஒரே பொருளுக்குள் அடங்கிவிடும். வேறுபாட்டை இலக்கியத்தில்தான் தேட வேண்டும். அறுவைக்கு எனக்குக் கைகொடுத்தவர் சங்கப் புலவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார்: ‘இளவேட்டனார் விற்றது, இன்று மருத்துவர் செய்வது (3)’.

சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் கோசிகம், பீதகம், பச்சிலை, அரத்தம் என்று துணிவகைகளை நீளமாக அடுக்குகிறார். படிக்கப் படிக்க ஆசையாக இருக்கும். ஆனாலும் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. துணி கண்ணுக்குத் தெரியவில்லை. காட்ட முடியாத துணியைக் கட்டத்தில் வைப்பது வாசகரை வதைப்பது.

கொங்காடை அப்படியல்ல. கோணிச்சாக்கின் அடி மூலை ஒன்றை மற்றொன்றுக்குள் செருகித் தலையில் கவிழ்த்தால் முதுகுவரை நனையாது. கை இரண்டும் வேலை செய்ய விடுபட்டிருக்கும். சில ஊர்களில் கொங்காணி என்பார்கள். ‘மழையில் நாற்று நடுபவர் தலையில் கவிழ்ந்த சாக்கு (4)’ என்றால் வயலில் இறங்கியவர் உடனே எழுதிவிடுவார். அகராதியை மட்டும் புரட்டுபவர் திணறுவார். எனக்கு அதில் மெத்த மகிழ்ச்சி.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இப்படி ஓர் உடைப் பெயர் இருந்தால் எழுதி வையுங்கள். பெயரை மட்டும் எழுதாதீர்கள். எப்படிக் கட்டினார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.