நரகத்திலேயே இருக்கிறேன் என்றவன்

நரகத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வருவதையும் விளையாட்டாக்கிவிட்டார்கள் அமெரிக்கர்கள். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கி 1974-ல் வெளியான 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் தாய். கம்ப்யூட்டர் வேண்டாம். காகிதம், பென்சில், இருபது முகம் கொண்ட பகடை போதும். ஒருவர் கதைசொல்லி. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம்: வீரன், மந்திரவாதி, திருடன். "எதிரே ஒரு கதவு. என்ன செய்கிறீர்கள்?" என்று கதைசொல்லி கேட்பார். முடிவெடுப்பது ஆட்டக்காரர். அது பலிக்குமா என்று சொல்வது பகடை.

பழைய பாணி ஆட்டங்களில் வீரர்கள் துணிந்து போகும் இடங்களில் ஒன்று நரகம். தாந்தேயின் காவியத்தைப் போலவே அதற்கு ஒன்பது அடுக்குகள். உள்ளே நுழைந்து, காவலர்களை ஏய்த்து, கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு உயிரோடு வெளியே வந்தால் வெற்றி.

ஸ்ரீ சிட்டியில் ஷிப்ட் வேலை பார்க்கும் என் அக்கா மகனுக்கு இந்தப் பைத்தியம் பிடித்திருக்கிறது. சத்தியவேட்டில் அவனோடு அறையில் இருக்கும் மூன்று பேரும் மூன்று மாநிலத்துக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றையும் கலந்து ஆடுகிறார்கள். "மாமா, நம்ம ஊரு நரகத்த வெச்சு ஒரு ஆட்டம் எழுதிக் குடுங்க" என்றான். அவனுக்குத் தெரிந்த நரகம் 2005-ல் வந்த 'அந்நியன்' படத்து நரகம். கும்பீபாகம், கிருமிபோஜனம் என்று ஒப்பிப்பான்.

தமிழ் எம்.ஏ. படித்து மொழிபெயர்ப்பில் பிழைப்பவனுக்கு முதலில் சொல்தான் உறுத்தும். 'ஹெல்' என்பதை நரகம் என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. தாந்தேயின் நரகத்தில் அடைபட்டவர்களுக்கு விடுதலை கிடையாது. நம் புராண நரகங்கள் தண்டனைக் காலம் முடிந்ததும் வெளியே அனுப்பும் சிறைகள். வள்ளுவர் இதற்கு 'அளறு' என்கிறார். சேறு என்றும் அதற்குப் பொருள். சேற்றில் சிக்கியவனுக்குக் கரையில் ஓர் ஆள் வேண்டும். இந்த இடத்தில்தான் எனக்கு மகாபாரதம் நினைவுக்கு வந்தது.

வேஷம் கட்டிக் கதைக்குள் நுழைவது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. 1960-ல் எல்லை மாறியபோது திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. கோடு மாறியதே தவிர கூத்து மாறவில்லை. சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயிலுக்கு தர்மராஜா கோயில் என்று பெயர். பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து. அர்ஜுனன் உயரமான தபசு மரத்தில் ஏறுவான். மண்ணால் செய்த பிரம்மாண்ட துரியோதனன் படுகளத்தில் கிடப்பான். பிறகு தீமிதி, தர்மர் பட்டாபிஷேகம். ஊர் மங்களமாக வீடு திரும்பும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. வில்லிபுத்தூரார் பத்துப் பருவங்களோடு நிறுத்திவிட்டார். 18 பருவங்களையும் பாடுவது நல்லாப்பிள்ளை பாரதம். கடைசிப் பருவத்தில்தான் நரகம் வருகிறது. நான் பார்த்த கூத்து எதிலும் அதை ஆடியதில்லை.

அந்தப் பருவம் ஆட்டத்துக்கென்றே எழுதியது போல இருக்கும். தர்மர் சொர்க்கத்துக்குப் போகிறார். அங்கே துரியோதனன் சிம்மாசனத்தில் இருக்கிறான். தம்பிகளைக் காணோம். அவர்கள் இருக்கும் இடத்துக்கு என்னைக் கூட்டிப்போ என்கிறார். தேவதூதன் முன்னே நடக்கிறான். இருட்டு, ரத்தச் சேறு, கொதிக்கும் ஆறு, கத்தி போன்ற இலைகள் கொண்ட காடு. நாற்றம் தாங்காமல் தர்மர் திரும்பப் பார்க்கிறார். அப்போது இருட்டிலிருந்து குரல்கள் கெஞ்சுகின்றன: கொஞ்சம் நில்லுங்கள், உங்கள் மேல் பட்டு வரும் காற்றில் எங்கள் வேதனை குறைகிறது. யார் நீங்கள் என்று கேட்டால் கர்ணன், பீமன், அர்ஜுனன், திரௌபதி என்று பதில் வருகிறது. தர்மர் தூதனைத் திருப்பி அனுப்பிவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறார். சண்டை இல்லை, மீட்பு இல்லை, நிற்பது மட்டும்தான். துரோணரை ஏமாற்றிய பொய்க்காகவே இந்தக் காட்சி என்று இந்திரன் வந்து விளக்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

இதையே எழுதிக் கொடுத்தேன். அக்கா மகன்தான் தர்மர். தர்மருக்குத் தம்பிகள் என்று தெரியும் முன்பே, "இந்தக் குரல்கள் யாருடையவை என்று தெரியாது. என்ன செய்கிறாய்?" என்று கேட்டேன். பகடையை எடுத்தவன் கீழே வைத்துவிட்டான்.

"நான் இங்கயே இருக்கேன்."

அறையில் ஒரே சண்டை. புதையல் இல்லாமல், யாரையும் காப்பாற்றாமல் நின்றால் அது எப்படி ஜெயிப்பது என்று கேட்டார்கள். என்னாலும் மதிப்பெண் போட முடியவில்லை.

இரவு என்னை பஸ் ஏற்றிவிட வந்தபோதுதான் பேசினான். 2021 மே மாதம் என் அப்பா, அவன் தாத்தா, கொரோனா வார்டில் ஒன்பது நாள் இருந்தார். யாரையும் உள்ளே விடவில்லை. விடவும் முடியாத காலம் அது. போனில் அவர் மருந்து கேட்கவில்லை, டாக்டரைக் கேட்கவில்லை. எப்ப வர்றீங்க என்று மட்டும் கேட்டார். பத்தாம் நாள் போன் வரவில்லை.

"சும்மா பக்கத்துல நின்னிருந்தாகூட தாத்தாவுக்குக் கொஞ்சம் நல்லா இருந்திருக்கும் இல்ல மாமா?"

"இருந்திருக்கும்டா" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் ஆட்டம் உண்டு. தூதனை அனுப்பிவிட்ட தர்மர் இன்னும் இருட்டில்தான் நிற்கிறார். இந்திரன் எப்போது வருவான் என்பதை நான் இன்னும் எழுதவில்லை. மற்ற மூன்று பேரும் தங்கள் வேஷங்களையும் அங்கே கொண்டுவந்து நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறார்களாம்.