மெழுகும் பாலும்

'சின்ஸியர்' என்ற சொல் தமிழ்ப் பேச்சில் எப்போதோ குடியேறிவிட்டது. நேரத்துக்கு ஆபீஸ் வருபவர் சின்ஸியர். வீட்டுப்பாடம் தவறாத பையன் சின்ஸியர். நாம் எழுதும் மதிப்புரைகளிலும் அது உண்டு. அங்கே 'நேர்மையான கவிதை', 'ஆத்மார்த்தமான எழுத்து' என்று வேட்டி கட்டிக்கொண்டு வரும். எல்லாருக்கும் தெரிந்த சொல் என்பதால் யாரும் அதற்காக அகராதியைத் திறப்பதில்லை. என்னைத் திறக்க வைத்தது ஒரு குவளைப் பால்.

பி.ஏ. படிக்கும்போது, ஆங்கில உரைநடைக்கு மாதிரி என்று, 1611இல் வெளியான ஜேம்ஸ் அரசர் பைபிளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பேதுருவின் முதல் நிருபம், இரண்டாம் அதிகாரம். பிறந்த குழந்தைபோல விசுவாசி பாலுக்கு ஏங்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில், அந்தப் பாலுக்கு அடைமொழி 'சின்ஸியர்'. நேரத்துக்கு வரும் பாலா? சுற்றியுள்ள சொற்களோடு வைத்துப் பார்த்தால் ஓர் அர்த்தம்தான் பொருந்துகிறது: கலப்படமில்லாத பால். கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'அடோலோஸ்'. 'டோலோஸ்' என்றால் வஞ்சகம்; அது இல்லாதது அடோலோஸ். பாலில் தண்ணீர் சேர்ப்பதை வஞ்சகம் என்று சொல்ல நமக்குக் கிரேக்கம் தெரிய வேண்டியதில்லை.

விரிவுரையாளர் ஒருவர் வேறு கதை சொன்னார். லத்தீனில் 'சினே' என்றால் இல்லாமல், 'சேரா' என்றால் மெழுகு. ரோமானியச் சிற்பிகள் பளிங்கில் விழுந்த விரிசலை மெழுகால் அடைத்து விற்பார்களாம். மெழுகு பூசாத சிலைதான் சின்ஸியர். வகுப்பு சொக்கிப் போயிற்று. பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதியோ இந்த விளக்கத்துக்கு இடமே இல்லை என்று தள்ளிவிடுகிறது. லத்தீன் 'சின்கெருஸ்' என்றால் சுத்தமானது, பழுதற்றது. அதற்கு 'ஒன்று', 'வளர்தல்' என்ற இரண்டு வேர்களைக் காட்டுகிறார்கள்: ஒரே வளர்ச்சியாக வளர்ந்தது, வேறெதுவும் சேராதது. வருஷாவருஷம் நாங்கள் எதிர்பார்க்கும் 'இன்கிரிமெண்'டில் இருப்பதும் அதே வளர்ச்சிதான்.

'இல்லாமல்' என்று பிரிப்பதே அபத்தம் என்றில்லை. வங்கியில் தினமும் கையில் புழங்கும் 'செக்யூரிட்டி' அப்படிப் பிறந்ததுதான்: 'சே' நீங்கிய, 'கூரா' கவலை. ஈடு வாங்கி வைத்துக்கொண்டவன் கவலை நீங்கியவன். மெழுகுக் கதையில் சந்தேகப்பட வேண்டியது அதன் அழகை. ஒரு சொல்லின் பிறப்பு, நீதிக்கதை மாதிரி இத்தனை கச்சிதமாக அமைவது அபூர்வம்.

நம்மிடமும் ஒரு மெழுகுக் கதை உண்டு. உள்ளத்தில் இருப்பது உண்மை, வாயில் வருவது வாய்மை, மெய்யால் செய்வது மெய்மை என்று மேடைதோறும் கேட்கிறோம். 'உண்மை'யில் உள்ளம் இல்லை. 'உள்' என்ற அடியிலிருந்து வந்தது அது, 'இன்மை'க்கு எதிர்ச்சொல். இருத்தல் என்பதே அதன் பழைய பொருள்.

பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது 'சின்ஸியர்' பொருள்களைப் பற்றியும் தாராளமாகப் பேசிற்று: கலப்பற்ற மது, திரிபற்ற மதக் கோட்பாடு. பிறகுதான், உணர்வதும் சொல்வதும் ஒன்றாயிருக்கும் மனிதனின் குணமாக முழுக்கச் சுருங்கியது. லயனல் டிரில்லிங் 1972இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அதற்கு முன்பே, கவிஞர் பெயர்களை மறைத்துக் கவிதைகளைக் கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்த ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ், 1929இல் வெளியிட்ட நூலில் இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டி, கடைசியில் ஒரு கன்ஃபூஷிய நூல்வரை போக வேண்டியிருந்தது.

நான் அவ்வளவு தூரம் போகவில்லை, பாலோடு நின்றுவிட்டேன். பாலைச் சோதிக்கலாம். பால்காரன் மனசைச் சோதிக்க முடியாது.

நண்பர் ஒருவர் தாயார் இறந்த சில நாட்களில் ஒரு கவிதை எழுதிக் கொண்டுவந்தார். முந்தானை முனையில் அம்மா முடிந்து வைத்திருந்த சில்லறையை, அவள் போன பிறகு யாரும் அவிழ்க்கவில்லை என்று ஓரிடம். மற்ற வரிகளில் தியாகச் சுடர், அன்பின் சிகரம், நடமாடும் தெய்வம். முடிச்சை வைத்துக்கொண்டு மீதியை எடுத்துவிடுங்கள் என்றேன். "அழுதுகொண்டே எழுதியது" என்றார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சுடரும் சிகரமும் அவர் அம்மாவுக்கு முன்பே ஆயிரம் அம்மாக்களுக்குச் சாத்தப்பட்டவை. அவர் கண்ணீர் அசல்; கவிதையில் தண்ணீர். இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

'மிகவும் சின்ஸியரான கவிதை' என்று சொல்லி நட்பைக் காப்பாற்றியிருக்கலாம். அந்தச் சொல் நம் வட்டத்தில் செய்துவரும் வேலை அதுதான்: கவிதையைப் பார்க்காமல் கவிஞனின் முதுகில் தட்டிக் கொடுப்பது. தட்டப்பட்டவனும் அடுத்த கவிதையில் இன்னும் கொஞ்சம் அழுகிறான்.

இனி மதிப்புரையில் இச்சொல்லைப் பயன்படுத்தினால் பாலுக்குச் சொன்ன அர்த்தத்தில்தான் பயன்படுத்துவேன். தமிழில் எழுத நேர்ந்தால் 'உண்மை' போதும், அதுவும் அதன் பழைய பொருளில். அவர் உண்மையாக உணர்ந்தாரா என்பது அவருக்கும் அவர் அம்மாவுக்கும் இடையே உள்ள விஷயம். கவிதையில் அந்த அம்மா இருக்கிறாளா என்பதை மட்டுமே வாசகன் பார்க்க முடியும்.