இரவில்லாத ஊரில் முதல் நாள்

வட துருவக் கடலில் கப்பல் பிரயாணம் என்றால், கப்பல் ஏறும்போதுதான் ஆரம்பம் என்று நினைத்துவிடாதீர்கள்! ஆரம்பம் ஆகாயத்தில். நார்வேயின் தலைநகரான ஆஸ்லோவிலிருந்து வடக்கே மூன்று மணி நேரம் பறந்தால், ஸ்வால்பார்ட் தீவுகளில் லாங்யீர்பியன் என்ற சிற்றூர் வரும்.

புறப்படுமுன் ஒரு விஷயம். ஸ்வால்பார்டுக்கு விசா வேண்டாம். ஆனால் போவதும் வருவதும் நார்வே வழியாக. தீவோ ஷெங்கன் எல்லைக்கு வெளியே. இருமுறை நுழைய அனுமதிக்கும் விசா இல்லாவிட்டால், திரும்பும் வழி அடைபட்டுப் போகும். ஜாக்கிரதை!

1906-ல் நிலக்கரிக்காக இந்த ஊரை உண்டாக்கியவர் ஜான் லாங்யீர் என்ற அமெரிக்கர். இங்கிருந்த கடைசிச் சுரங்கமும் 2025-ல் மூடப்பட்டது. ஆனாலும் கரித்தூள் காலத்து வழக்கம் போகவில்லை. பல ஓட்டல்களில், நம் வீடுகளைப் போலவே, செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

ஊர் எல்லையில் வெள்ளைக் கரடிப் படம் போட்ட பலகை நிற்கிறது. அலங்காரத்துக்கு அல்ல. அதைத் தாண்டினால் துப்பாக்கி ஏந்திய வழிகாட்டியோடுதான் போவார்கள்.

மாலையில் கப்பல். ஏறியதும் உயிர்காப்புப் பயிற்சி. மிதவைச் சட்டை மாட்டப் பழக வேண்டும். அடுத்து, 2025 முதல் அமலுக்கு வந்த சட்டம்: கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், மார்ச் முதல் ஜூன் வரை 500. இது நமக்காக மட்டுமல்ல. கடற்பனி குறைந்துவரும் காலத்தில், சீல் வேட்டைக்கே திண்டாடும் பிராணியை விரட்டி, அதன் பலத்தை வீணாக்கலாமா?

இரவு பதினோரு மணி. ஜன்னலைப் பார்த்தால் சூரியன்! ஏறக்குறைய ஏப்ரல் 20 முதல் ஆகஸ்டு 22 வரை இங்கே அஸ்தமனமே கிடையாது. திரையை இழுத்துவிட்டுக் கண்ணை மூடுங்கள். நாளை பனியாறுகளைப் பார்க்க வேண்டாமா?