பேர் போடாத தட்டு

ஷிபுயாவிலிருந்து இனோகஷிரா லைனில் ரெண்டாவது ஸ்டேஷன் கொமாபா. அங்கிருந்து பொடிநடையா போனா நிஹோன் மிங்கேய்கான் வரும். சாதாரண ஜனங்க வீட்டில் புழங்கின கைவினைப் பொருட்களுக்காக யனாகி சொயெட்சு 1936-ல் திறந்த மியூசியம். டோக்யோவுக்குப் பொட்டி தட்ட வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, எட்டிப் பார்த்ததில்லை. கியூஷு பக்கத்து மண்பாண்டங்கள் வெச்சிருக்காங்கன்னு சொல்லி தங்கமணிதான் இழுத்துட்டுப் போனாங்க.

ஷூவைக் கழட்டிட்டு அவங்க தர்ற ஸ்லிப்பரை மாட்டிக்கிட்டு உள்ளே போனா, விளக்கம்னு பெருசா எதுவும் எழுதி வைக்கலை. பொருளோட பேர், ஊர், காலம், அவ்வளவுதான். படிச்சுட்டுப் பாக்காதே, முதல்ல பாருங்கறது யனாகியோட கட்சி. டாக்குமெண்டேஷன் இல்லாத கோடு தலையில் விழுந்த மாதிரி எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒன்தா தட்டுகள் கிட்ட வந்ததும் அது போயிடுச்சு.

ஒன்தா, ஓயிதா மாநிலத்தில் ஒரு மலைக்கிராமம். 1705-லிருந்து பானை வனையறாங்க. மொத்தமே பத்து குடும்பம் போல. ஊரே சேர்ந்து மலையில் மண் வெட்டி வீட்டுக்கு வீடு பங்கு போட்டுக்கும். அதை இடிக்கிறது ஓடைத் தண்ணி! பெரிய மரக்கட்டை, ஒரு முனையில் குழி. குழி நிறைஞ்சதும் அந்தப் பக்கம் சாயும், தண்ணி கொட்டிடும், மறுமுனை மண்ணு மேல டொம்முன்னு விழும். வாரக்கணக்கில், ராப்பகலா இதே வேலை. 2017 ஜூலை மழையில் இந்த உலக்கைகள் ரொம்பவே சேதமாகி, மறுபடி சரி பண்ணினாங்க.

தட்டு பூரா அரிசி அரிசியா தடம். வனைஞ்ச தட்டு மேல வெள்ளை மண் பூசி, லேசா இறுகினதும் சக்கரத்தில் சுத்தவிட்டு, வளைஞ்ச இரும்புத் தகட்டைப் பட்டும் படாம வைப்பாங்களாம். தகடு துள்ளித் துள்ளி வெள்ளையைக் கொத்த, அடியில் இருக்கிற கருத்த மண் தெரியும். இதுக்குப் பேர் தோபிகன்னா. சொல்றதுக்கு ஈஸி, கை ஒரு நூல் அழுந்தினா தட்டு காலி.

இவ்வளவும் செஞ்சுட்டு யாரும் தன் பேரைப் போடறதில்லை. போட்டா ஊர்ப்பேர் மட்டும். யனாகியோட நண்பர் ஹமாடா ஷோஜிகூட பாத்திரத்தில் கையெழுத்துப் போடமாட்டார் (அதை வைக்கிற மரப்பெட்டியில் போட்டுக் கொடுப்பாருங்கறது வேற விஷயம்).

இங்கேதான் எனக்கு உறுத்துச்சு. ஆறு மாசம் நான் மாரடிச்ச மாட்யூல், க்ளையண்ட் முன்னாடி இன்னொருத்தர் பேரில் போச்சு. அப்ரைசல் ஃபார்மில் அதை எழுதலாமா, விட்டுடலாமான்னு ஒரு வாரமா குழப்பம். "பார்த்தியா, இவங்கல்லாம் பேரே கேக்கலை" ன்னு பெருந்தன்மையா ஆரம்பிச்சேன்.

தங்கமணி தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாங்க: "பேர் போடலை சரி. அடுத்த வீட்டுக்காரன் பேரையும் போடலையேங்க."

கடையில் ஒரு சின்னத் தட்டு வாங்கினோம். அதில் இப்போ மாவடு இருக்கு. ஃபார்மில் மாட்யூல் பேரையும் தேதிகளையும் எழுதி, செஞ்சது நான்னு போட்டு அனுப்பிட்டேன். ஏப்ரலில் தெரியும் ரேட்டிங் :-)