பிறந்த வீட்டு மொழி வேறு. பாடிய மொழி தமிழ்



“வீட்டில் நாங்கள் தமிழ் அதிகம் பேசுவதில்லை ஐயா. என் பிள்ளைக்கு ழகரம் வராது.” ஈப்போவில் பெற்றோர் சந்திப்பு நாள்களில் இந்தச் சொற்களை நான் அடிக்கடி கேட்கிறேன். அவ்வாறு கூறும் பெற்றோருக்கு நான் பாடகர் டி. எம். சௌந்தரராஜனின் வாழ்க்கையைச் சொல்வது வழக்கம்.

1922ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் மதுரையில் ஒரு சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். வீட்டில் பேசப்பட்ட மொழி சௌராஷ்டிரம். காரைக்குடி இராஜாமணி ஐயங்காரிடம் முறையாக இசை பயின்றார். எம். கே. தியாகராஜ பாகவதரின் பாடல்களைப் பாடிப் பாடியே குரலை வளர்த்துக்கொண்டார். அவர் முதன்முதலாகப் பின்னணி பாடிய ‘கிருஷ்ண விஜயம்’ 1950இல் வெளிவந்தது. 1954இல் வந்த ‘தூக்குத் தூக்கி’யில் சிவாஜி கணேசனுக்காகவும், அதே ஆண்டின் ‘மலைக்கள்ள’னில் எம்.ஜி.ஆருக்காகவும் பாடினார். திரையில் வாயசைப்பவர் யார் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம் என்னும் அளவுக்கு இருவருக்கும் இருவேறு குரல் கொடுத்தவர் அவர்.

அந்தக் குரலை நம் பேராக் மாநிலத் தோட்டங்கள் நன்கறியும். சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு தோட்டத்தில்தான் நான் வளர்ந்தேன். விடியுமுன் பால்மரம் வெட்டப் போனவர்கள் நண்பகலுக்கு மேல் லயத்துக்குத் திரும்பி, குளித்து, திண்ணையில் அமரும் வேளையில் ஏதாவது ஒரு வீட்டு வானொலி பாடிக்கொண்டிருக்கும். இன்று மின்னல் எஃப்.எம். என்று நாம் அறியும் அரசாங்கத் தமிழ் ஒலிபரப்புதான் அது. ஒரு வீட்டில் பாடினால் பத்து வீட்டுக்குக் கேட்கும். கோயில் திருவிழா என்றால் ஒலிபெருக்கியில் முருகன் பாடல்கள். துக்க வீட்டில் கண்ணதாசன் எழுதி, 1962இல் ‘பாத காணிக்கை’யில் இவர் பாடிய ‘வீடு வரை உறவு’. எழுதப் படிக்க அறியாத மூதாட்டியும் அதைச் சொல் பிசகாமல் முணுமுணுத்தார்.

தமிழைக் காதால் கற்ற தலைமுறை அது. தோட்டங்களில் தெலுங்கு, மலையாளம் பேசிய குடும்பங்களும் இருந்தன. அவர்களின் பிள்ளைகளும் எங்களுடன் தமிழ்ப்பள்ளியில் அமர்ந்து பிழையின்றித் தமிழ் வாசித்தார்கள். ஆசிரியர் கற்பித்ததோடு, லயம் முழுவதும் ஒலித்த அந்தக் குரலும் சேர்ந்து அவர்களுக்குக் கற்பித்தது என்றே நான் கருதுகிறேன்.

பின்னர் இரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. இன்று பிள்ளையின் காதில் ஒலிப்பது பிள்ளைக்கு மட்டுமே கேட்கிறது. தாத்தா கேட்ட பாட்டைப் பேரன் கேளாமலே வளர்கிறான். ழகரம் வராமற்போவதற்கு நாக்கைக் குறை கூறுவதைவிட, காது பழகாமையைக் காரணமாகக் கொள்வதே பொருந்தும்.

ஆகவே, அந்த ஒலிபெருக்கி செய்த பணியை வகுப்பறையில் நாமே செய்யவேண்டியுள்ளது. நான் பின்பற்றும் முறை எளியது. முதலில் பாடலைக் கேட்கச் செய்வேன். பின்னர் ஓர் அடியில் நிறுத்தி, இசையின்றிச் சொல்லச் சொல்வேன். லகரத்துக்கு நுனிநா மேற்பல்லின் அடியைத் தொடும். ளகரத்துக்கு நா மடிந்து மேலண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கு நா மடியும், ஆனால் அண்ணத்தைத் தொடாது. இந்த வேறுபாட்டைச் சொற்களால் விளக்கும்போது விழிக்கும் பிள்ளை, அவர் குரலில் கேட்டதும் புரிந்துகொள்கிறது.

1964இல் வெளிவந்த ‘ஆண்டவன் கட்டளை’யில் இடம்பெற்ற ‘ஆறு மனமே ஆறு’ என் வகுப்பில் தவறாமல் ஒலிக்கும். எண், நதி, தணிதல் என ஒரே சொல்லின் மூன்று பொருள்களையும் பிள்ளைகள் பட்டியலிடுவார்கள். ‘ஆரு’ என்று எழுதும் பழக்கமும் அத்துடன் குறைகிறது. மேல்நிலை மாணவர்களுக்கு, அதே ஆண்டில் அவரே நடித்த ‘அருணகிரிநாதர்’ படத்தின் ‘முத்தைத்தரு’ திருப்புகழ். வல்லினம் அடுக்கடுக்காக வரும் அப்பாடலை நாபிறழ் பயிற்சியாகவே அவர்கள் போட்டியிட்டுச் சொல்கிறார்கள். ஆண்டவன் பிச்சை எழுதிய ‘உள்ளம் உருகுதய்யா’வைத் தைப்பூசத்தின்போது குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலில் கேட்டதாகப் பிள்ளைகளே வந்து சொல்வதுண்டு.

பெற்றோர்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். தமிழக அரசு விழாக்களில் பல்லாண்டுகள் ஒலித்த தமிழ்த்தாய் வாழ்த்தின் ஒலிப்பதிவைப் பாடியவர்கள் இருவர். ஒருவர் சௌராஷ்டிரம் பேசும் வீட்டில் பிறந்த சௌந்தரராஜன். மற்றவர் தெலுங்கு பேசும் வீட்டில் பிறந்த பி. சுசீலா. 2010இல் கோவையில் நடந்த செம்மொழி மாநாட்டின் பாடலைத் தொடங்கிவைத்த குரலும் அவருடையதே. அப்போது அவருக்கு அகவை 88. 2013ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் அவர் மறைந்தார்.

தமிழைத் தமிழர்க்கே திருத்தமாகக் கேட்கச் செய்தவருக்கு அது வீட்டு மொழியன்று. பயிற்சியால் வந்த மொழி. நம் பிள்ளைகளுக்கும் அது வரும். பள்ளிக்குக் காரில் அழைத்துவரும் பத்து நிமிடம் போதும். நாள்தோறும் ஒரு பாடலை ஒலிக்க விடுங்கள்; நீங்களும் சேர்ந்து பாடுங்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், அவர்களுக்குப் பிடித்த பாடல் எதுவென்று பிள்ளையையே கேட்டுவரச் சொல்லுங்கள். எஞ்சிய பயிற்சியை வகுப்பறையில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.