திறன் வேறு, உற்பத்தி வேறு

2025 ஜூலையில் ஒன்றிய அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. நாட்டின் மின் நிறுவுதிறனில் பாதி சூரியன், காற்று, நீர், அணு முதலிய புதைபடிவம் சாராத மூலங்களுக்கு உரியதாகிவிட்டது என்பது அதன் சாரம். பாரிஸ் உடன்பாட்டின்படி 2030-க்குள் எட்டுவதாக ஏற்ற இலக்கு ஐந்தாண்டுகள் முன்னதாகவே கைகூடியது. இது மெய்யான சாதனை. ஆயினும் செய்தி வாய்க்கு வாய் கடந்தபோது ‘நிறுவுதிறன்’ என்ற சொல் உதிர்ந்துவிட்டது. ‘இந்திய மின்சாரத்தில் பாதி தூய்மையானது’ என்பதே பலர் மனத்தில் எஞ்சியது.

உண்மை அதுவன்று. உற்பத்தியாகும் மின்சாரத்தில் எழுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்டது இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. முரண்போலத் தோன்றும் இதன் காரணம் எளியது. ஆயிரம் மெகாவாட் நிலையம் ஒன்று ஓராண்டு இடைவிடாது இயங்கினால் 876 கோடி யூனிட் கிடைக்கும். சூரிய மின் நிலையம் அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தரும். அனல்மின் நிலையம் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கைத் தரும். கதிரவன் மறைந்தபின் எரியும் விளக்குகளுக்குப் பெரும்பாலும் நிலக்கரியே பொறுப்பேற்கிறது. பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்கும் மின்கலங்களும் நீரேற்று நிலையங்களும் போதிய அளவில் இன்னும் அமையவில்லை.

‘தரவல்லது’ என்பதும் ‘தந்தது’ என்பதும் ஒன்றல்ல. முன்னது இயலுமையைச் சுட்டுகிறது. பின்னது நிகழ்ந்ததைச் சுட்டுகிறது. மொழி பயின்றோர் நன்கறிந்த இவ்வேறுபாடு புள்ளிவிவரத்தில் மங்கும்போது, மறைவது இலக்கணம் மட்டுமன்று, மனிதரும் மறைகின்றனர்.

மத்தியப் பிரதேசமும் உத்தரப் பிரதேசமும் சந்திக்கும் சிங்ரௌலி வட்டாரம் இதற்குச் சான்று. 1962-இல் நிறைவுற்ற ரிஹந்த் அணையின் நீர்த்தேக்கம் அங்கே பல ஊர்களை விழுங்கியது. பின்னர் அந்நீரையும் அருகிலுள்ள நிலக்கரியையும் நம்பி அனல்மின் நிலையங்கள் எழுந்தன. நாட்டின் மிகப் பெரிய அனல்மின் நிலையமான 4,760 மெகாவாட் விந்தியாச்சல் அவற்றுள் ஒன்று. அணைக்காக ஒருமுறை இடம்பெயர்ந்த குடும்பங்களுள் பல, சுரங்கத்துக்காகவும் உலைக்காகவும் மீண்டும் பெயர்ந்தன. 2020 ஏப்ரலில் அவ்வட்டாரத்துச் சாம்பல் தேக்கம் ஒன்று உடைந்து உயிர்களைக் காவுகொண்டது.

ரிஹந்தின் நீர்மின்சாரம் இன்று கணக்கின் தூய்மையான பாதியில் நிற்கிறது. விந்தியாச்சல் மறுபாதியில் நிற்கிறது. இரண்டுக்கும் விலை கொடுத்தவர்கள் ஒரே மக்கள். ஆகவே விழுக்காடு ஒன்றைக் காணும்போதெல்லாம் இரண்டு வினாக்கள் எழுதல் வேண்டும்: இது திறனா, உற்பத்தியா? இதன் சாம்பலும் வெள்ளமும் யார் நிலத்தில்?